தபால் ஏன் சாப்பிடவில்லை?

குதிரைக்கு யாராவது 'தபால்' என்று பெயர் வைப்பார்களா? அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் வைத்திருந்தார்கள்.

சாம்பல் நிறக் குதிரை. கதவைத் திறந்துவிட்டால் நேராக வெளியே போக மாட்டான். லாயத்தில் இருக்கும் ஒவ்வோர் அறைக்குள்ளும் தலையை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவான். "வந்துட்டாருய்யா, வீடு வீடா கடுதாசி குடுக்க!" என்று பட்டாணியின் அப்பா ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அதுவே அவன் பெயர்.

பட்டாணி என்பதும் பட்டப்பெயர்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஆனால், பிறந்தபோது உருண்டையாக இருந்தாள் என்று மாமா வைத்த பெயர்தான் நிலைத்தது. இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. உருண்டையாகவும் இல்லை.

"பேரை மாத்துங்க மாமா" என்று கேட்டுப் பார்த்தாள்.

"மாத்திட்டாப் போச்சு. நீளமா வளந்துட்ட. இனிமே அவரைக்காய்னு கூப்பிடறேன்" என்றார் மாமா.

அதற்குப் பட்டாணியே தேவலை என்று விட்டுவிட்டாள்.

அவர்கள் வீடு குதிரையேற்றப் பள்ளியின் பின்பக்கத்தில் இருந்தது. அப்பா குதிரைகளைப் பழக்குபவர். அம்மா அங்கேயே கேன்டீன் நடத்தினாள். அம்மாவின் தம்பியான மாமா குதிரைகளுக்குத் தீவனம் வைத்து, தண்ணீர் காட்டி, லாயத்தைச் சுத்தம் செய்வார். பள்ளியின் சொந்தக்காரர் எப்போதும் கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டிருப்பார். நேரில் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'விசில் மேடம்'.

புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகளை முதலில் தபால் மேல்தான் ஏற்றுவார்கள். பிடரியை இழுத்தாலும் பேசாமல் நிற்பான். பயத்தில் யாராவது அழுதால், நடப்பதை நிறுத்திவிட்டு அழுகை ஓயும்வரை காத்திருப்பான்.

அப்படிப்பட்ட தபால் அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டான். காய்ச்சல் போன பிறகும் உடம்பு தேறவில்லை. விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. ரோமம் பழைய துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது.

குதிரை டாக்டர் வந்தார். சுறுசுறுப்பான இளம்பெண். ஊர் ஊராகச் சுற்றுவதால் அவருக்கு எப்போதும் பசி. தபாலின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"பல்லு நல்லாருக்கு, வயித்துல பூச்சியும் இல்ல. தெம்புதான் இல்ல. அதுக்காகத் தானியத்தை அள்ளிப் போட்டா வயிறு கெட்டுடும். தீவனத்தோட தவிட்டெண்ணெய் கலந்து குடுங்க."

"எண்ணெயா? குதிரைக்கா?" மாமாவின் புருவம் நெற்றியைத் தாண்டிப் போய்விடும்போல் இருந்தது.

"ஆமா. நெல்லுக்கு உமியை எடுத்துட்டு அரிசியைத் தீட்டறப்போ தவிடு வரும் இல்லையா? அதுலேர்ந்து எடுக்கற எண்ணெய். கொஞ்சம் குடுத்தாலே நல்ல தெம்பு வரும், ரோமமும் பளபளன்னு ஆயிடும். ஆனா ஒண்ணு. எடுத்த எடுப்புல நிறைய ஊத்தக் கூடாது. ஒரு கரண்டியில ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். நிறுத்தறதா இருந்தாலும் சட்டுன்னு நிறுத்தக் கூடாது."

"ஏன் டாக்டர்?" என்று பட்டாணி கேட்டாள்.

"நம்ம வயித்துல பித்தநீரைச் சேத்து வைக்க ஒரு பை இருக்கு. எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டா அந்தப் பை பித்தநீரை ஊத்தும். குதிரைக்கு அந்தப் பையே கிடையாது. பித்தநீர் சொட்டுச் சொட்டா வந்துக்கிட்டே இருக்கும். அதனால எண்ணெய்க்கு அது வயிறு மெதுவாத்தான் பழகும்."

பின்னால் நின்றிருந்த அம்மா, "இதை மனுஷங்களும் சாப்பிடலாமா?" என்றாள்.

"எங்க வீட்டுச் சமையலே இதுலதான். நல்லா சூடு தாங்கும். பொரிக்கறதுக்கு ரொம்ப நல்லது" என்ற டாக்டர் சற்றுத் தயங்கினார். "இப்போ... ஏதாவது பொரிச்சு வச்சிருக்கீங்களா?"

அம்மா சிரித்துக்கொண்டே அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள்.

*

எண்ணெய் ஆலையிலிருந்து ஒரே வண்டியில் தகர டின்கள் வந்து இறங்கின. பெரியது கேன்டீனுக்கு, சின்னது லாயத்துக்கு. இரண்டிலும் ஒரே முத்திரை, ஒரே எண்ணெய்.

முதல் நாள் தபால் தீவனத்தை முகர்ந்தான். மாமாவைப் பார்த்தான். மறுபடி முகர்ந்தான். பிறகு, சாப்பிட்டுத்தான் பார்ப்போமே என்பதுபோல் வாயை வைத்தான். வாளி காலியாயிற்று.

நாட்கள் போகப் போக மாமா கரண்டியிலிருந்து கிண்ணத்துக்கு மாறினார். தபாலின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அப்பா தேய்த்துவிட்டால் அவன் முதுகில் வெயில் பட்டு வழுக்கியது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் ஊட்டி வளத்த பிள்ளை" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் கேன்டீனில் ஒரு சங்கதி நடந்தது.

குதிரையேற்றம் கற்க வரும் பையன் ஒருவன் இருந்தான். தலைக்கவசம் அவன் தலையைவிடப் பெரியது, அடிக்கடி கண்ணை மறைக்கும். எல்லாரும் அவனைத் தொப்பி என்று கூப்பிட்டார்கள். தொப்பிக்குத் தபால் என்றால் உயிர். அம்மா பொரிக்கும் உருளைக்கிழங்கு என்றாலும் உயிர்.

அன்று உருளைக்கிழங்கு வாங்க வந்தவன் அடுப்பருகே இருந்த டின்னைப் பார்த்துவிட்டான்.

"ஐயே! இது லாயத்துல இருக்கற டின் ஆச்சே! குதிரைக்கு ஊத்தற எண்ணெய்!"

அப்படிச் சொன்னதோடு விடவில்லை. ஓர் உருளைக்கிழங்குத் துண்டை வாயில் போட்டு, "ம்ஹிஹிஹி!" என்று கனைத்தும் காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு பையனும் கனைத்தான். அப்புறம் கேட்க வேண்டுமா? கேன்டீனே லாயமாகிவிட்டது.

"டேய், மனுஷங்க சமைக்கற எண்ணெயைத்தான்டா குதிரைக்கும் குடுக்கறோம்" என்றாள் அம்மா.

கனைப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் உருளைக்கிழங்கை யாரும் கேட்கவில்லை. ரொட்டி போயிற்று, அவித்த முட்டை போயிற்று. பொரித்த உருளைக்கிழங்கு மட்டும் குவிந்து கிடந்தது. "குதிரை எண்ணெய் வேண்டாம் ஆன்ட்டி" என்று பிள்ளைகள் சொன்னார்கள். பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

தொப்பிகூட வாங்கவில்லை. அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால், கனைத்துக் காட்டியவனே போய் எப்படி வாங்குவது?

*

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் தபால் வாளிக்குள் தலையை விட்டான். உடனே வெளியே எடுத்தான். மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டினான். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னடா, மூஞ்சியைத் திருப்பற?" என்றார் மாமா.

மாலையிலும் அப்படியே. மறுநாளும் அப்படியே. புல்லைத் தின்றான், தண்ணீர் குடித்தான். எண்ணெய் கலந்த தீவனத்தை மட்டும் தொடவில்லை.

"கொழுப்பு ஏறிடுச்சு இவனுக்கு" என்றார் அப்பா.

"கொழுப்பைத்தானே கிண்ணம் கிண்ணமாக் குடுத்தோம்? ஏறாம என்ன செய்யும்?" என்றாள் அம்மா.

அப்பா கேரட்டை நறுக்கித் தீவனத்தின் மேல் தூவினார். தபால் உதட்டின் நுனியால் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தின்றான். கேரட் எல்லாம் போயிற்று. தீவனம் அப்படியே இருந்தது. வெல்லத்தைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். அதற்கும் மசியவில்லை.

ஒரு வாரத்துக்குள் முதுகின் பளபளப்பு மங்கத் தொடங்கியது.

விசில் மேடம் வந்து நெடுநேரம் தபாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசிலை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"சின்னப் பிள்ளைங்க வகுப்பு ஆரம்பிக்கப் போகுது. இப்படி இளைக்கற உடம்புல பாரம் ஏத்தறது பாவம். மலைக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச பண்ணை ஒண்ணு இருக்கு. வயசான குதிரைங்களை வச்சுப் பாத்துக்கறாங்க. வண்டி அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"இவனுக்கு வயசாகலையே மேடம்!" என்றாள் பட்டாணி.

"சாப்பிடாத குதிரையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும் பட்டாணி? இங்க இருந்து எலும்பாப் போறதைவிட அங்க போய்ப் புல்லு மேயட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பட்டாணிக்குப் பயமாக இருந்தது. கோபமாக இருந்தால் ஆறிவிடும் என்று நம்பலாம்.

*

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. தபாலின் அறை வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள் பட்டாணி.

கேன்டீனில் உருளைக்கிழங்கு வேண்டாம் என்கிறவர்களிடம் ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அவர்களுக்கே காரணம் தெரியாது. தபால் அப்படி இல்லை. அவன் ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்க்கிறான். பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்கிறான்.

'கொழுப்பு' என்கிறார் அப்பா. 'பிடிவாதம்' என்கிறார் மாமா. இத்தனை நாளும் இதே எண்ணெயை வாளியின் அடிவரை நக்கியவன்தானே இவன்?

அவள் எழுந்து போய்ச் சின்னக் கிண்ணம் ஒன்றில் எண்ணெய் கலக்காத தீவனத்தை எடுத்து வந்து நீட்டினாள். தபால் முகர்ந்தான். ஒரே வாயில் காலி.

"ஓ, தீவனத்து மேல கோபம் இல்ல."

அடுத்து, லாயத்து டின்னிலிருந்து சில சொட்டு எண்ணெய் விட்டுக் கலந்து நீட்டினாள். உதடு சுருண்டது, பல் தெரிந்தது. முகம் சுவர் பக்கம் திரும்பியது.

"எண்ணெய்தான் பிடிக்கல."

கிண்ணத்தைக் கழுவப் போனவள் பாதி வழியில் நின்றாள். எண்ணெய் பிடிக்கவில்லையா, இந்த எண்ணெய் பிடிக்கவில்லையா?

அவள் கேன்டீனுக்கு ஓடினாள். "அம்மா, உன் டின்லேர்ந்து ஒரே ஒரு கரண்டி எண்ணெய் குடும்மா!"

"எதுக்குடி?"

"தபாலுக்கு."

"அவனுக்குத்தான் தனியா ஒரு டின் இருக்கே?"

"குடேன், சொல்றேன்."

அதையும் தீவனத்தில் கலந்து நீட்டினாள். தபால் முகர்ந்தான். காதுகள் இரண்டும் முன்னால் நிமிர்ந்தன. இன்னொரு முறை முகர்ந்தான். பிறகு கிண்ணத்தோடு அவள் கையையும் சேர்த்து நக்கினான்.

பட்டாணிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கத்தவில்லை. ஒரே ஆலை, ஒரே முத்திரை. ஒன்று வேண்டும், ஒன்று வேண்டாமா?

இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வந்து ஒன்றில் அம்மாவின் எண்ணெயையும் மற்றொன்றில் லாயத்து எண்ணெயையும் ஊற்றி ஜன்னலில் வைத்தாள். அம்மாவின் எண்ணெய் தேன் மாதிரி தெளிவாக இருந்தது. லாயத்து எண்ணெய் தேநீர் மாதிரி கறுத்திருந்தது. அடியில் பொடிப்பொடியாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்தாள். அந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். பொரித்துப் பொரித்துக் காய்ந்துபோன எண்ணெய் வாசனை. கூடவே உருளைக்கிழங்கு, வெங்காயம்.

லாயத்து டின்னுக்குள் அடுப்பங்கரை எண்ணெய் எப்படி வந்தது?

தபாலுக்குத் தீவனம் கலக்குபவர் ஒரே ஒருவர்தான்.

*

மாமா கொல்லைப்புறத்தில் வைக்கோலை அள்ளிக்கொண்டிருந்தார். பட்டாணி டம்ளர்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்ன, மாமாவுக்கு டீ கொண்டு வந்தியா?" என்று சிரித்தவர், டம்ளர்களைச் சரியாகப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"மாமா, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

மாமா கையில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டார்.

"டின்னுல எண்ணெய் தீந்துபோச்சு பட்டாணி. பாலம் வேலை நடக்குதுன்னு ஆலை வண்டி வரல. சட்டுன்னு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களா, எனக்குப் பயமாப் போச்சு. அக்காக்கிட்டக் கேக்கலாம்னு போனேன். அப்போதான் அவ, 'உருளைக்கிழங்கு ஒண்ணும் விக்கல, பொரிச்ச எண்ணெய்தான் மிச்சம், இதைக் கொட்டிடுடா'ன்னு சட்டியைக் குடுத்தா. அதே எண்ணெய்தானே, நல்லதை ஏன் கொட்டணும்னு துணியில வடிகட்டி ஊத்தினேன். அவன் ஒருநாள்கூடப் பட்டினி கிடக்கக் கூடாதுன்னுதான்..."

"அதனாலதான் மாமா அவன் சாப்பிடல."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் பிடிவாதம்னு நினைச்சேன். நேத்துகூட அவனைத் திட்டினேனே!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பட்டாணி, இதை மேடத்துக்கிட்ட சொல்லிடாத" என்றார் மாமா. குரல் தணிந்திருந்தது. "போன தடவை கேட்டைத் திறந்து போட்டு, குதிரை ரோட்டுக்குப் போயிடுச்சில்ல? இன்னொரு தப்பு நடந்தா வேற வேலை பாத்துக்கன்னு சொல்லியிருக்காங்க. டின்னைக் கழுவிடுவோம். அக்காக்கிட்ட நல்ல எண்ணெய் வாங்கி ஊத்துவோம். அவன் சாப்பிட ஆரம்பிச்சுடுவான். யாருக்கும் தெரியாது."

அது நடக்கக்கூடியதுதான். பட்டாணியும் அதைப் பற்றி யோசித்தாள். தபால் சாப்பிடுவான், பண்ணை வண்டி வராது. மாமாவும் இங்கேயே இருப்பார். அவள் பேசாமல் இருந்தால் போதும்.

ஆனால், தபால் மூஞ்சியைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு வாயாவது தின்றிருப்பானே? கேரட் பொறுக்கும்போது கொஞ்சம் உள்ளே போயிருக்குமே? அவன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான்.

"டாக்டருக்குத் தெரியணும் மாமா."

மாமா கீழே கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினார்.

"நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. நான் உங்க பக்கத்துல நிக்கறேன்."

மாமா கையைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்துலன்னா, ரொம்பப் பக்கத்துல நில்லு" என்றார்.

*

மாலையில் டாக்டர் வந்தார். தபாலின் வயிற்றில் குழலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டார். விசில் மேடம், அப்பா, அம்மா எல்லாரும் நின்றிருந்தார்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகாத தொப்பியும் கதவோரமாக நின்றிருந்தான்.

மாமா நடந்ததைச் சொன்னார். இரண்டு இடத்தில் தடுமாறினார். பட்டாணி அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர்தான் முதலில் நிமிர்ந்தார்.

"வயிறு நல்லாத்தான் இருக்கு. பொரிச்சுப் பொரிச்சுக் கெட்டுப்போன எண்ணெய் குதிரைக்கு ஆகாது. அதுலயும் வெங்காயம் வெந்த எண்ணெய் ஆகவே ஆகாது. நிறையத் தின்னிருந்தா படுத்திருப்பான். நல்லவேளை, இவன் வேண்டாம்னுட்டான்."

"தினமும் சொல்லிக்கிட்டுதான் இருந்தான். எங்களுக்குத்தான் புரியல" என்றாள் பட்டாணி.

விசில் மேடம் மாமாவின் பக்கம் திரும்பினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க சொல்லாம இருந்து நானா கண்டுபிடிச்சிருந்தா, நாளைக்கு நீங்க இங்க இருந்திருக்க மாட்டீங்க" என்றார் மேடம். "சொல்லிட்டீங்க. போய் அந்த டின்னைக் கழுவுங்க. இல்ல, தூக்கிப் போடுங்க. இனிமே தீவனத்துல எதை மாத்தறதா இருந்தாலும் முதல்ல கேளுங்க. என்னைக் கேக்கப் பயமா இருந்தா இவளைக் கேளுங்க."

மாமா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு இன்னொன்றையும் திறந்தார்.

"ஆமா, கேன்டீன்ல அவ்வளவு எண்ணெய் எப்படி மிச்சமாச்சு?" என்று மேடம் கேட்டார்.

"பிள்ளைங்க யாரும் சாப்பிட மாட்டேங்கறாங்க மேடம். குதிரை எண்ணெயாம்" என்றாள் அம்மா.

"யாரு அப்படிச் சொன்னது?"

கதவோரத்தில் தலைக்கவசம் மெல்ல இறங்கித் தொப்பியின் கண்ணை மூடியது. அவன் அதைத் தூக்கிவிடவில்லை.

பட்டாணி பார்த்தாள். ஆளைக் காட்டுவதற்கு ஒரு விரல் போதும். ஆனால், மாமா தடுமாறித் தடுமாறிச் சொன்னபோது பிடித்த சட்டை ஓரம் இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

"எல்லாரும்தான் சொன்னாங்க" என்றாள்.

அது பொய்யும் இல்லை.

பெரியவர்கள் வெளியே போனதும் தொப்பி அவளிடம் வந்தான்.

"நான் கனைச்சதாலதான் யாரும் சாப்பிடல. சாப்பிடாததாலதான் எண்ணெய் மிச்சமாச்சு. இல்ல?"

பட்டாணி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"வாளி கனமா இருக்கு. ஒரு பக்கம் பிடி" என்றாள்.

இருவரும் தீவனத்தைத் தூக்கி வந்தார்கள். அம்மாவின் டின்னிலிருந்து ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றித் தொப்பியைக் கலக்கச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தலாமா?"

"வேண்டாம். ஒரு வாரமா இந்த எண்ணெய் அவன் வயித்துக்குப் போகல. மறுபடி முதல்லேர்ந்து பழகணும்."

தபால் வாளிக்குள் முகத்தை விட்டான். தொப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான். நறநறவென்று மெல்லும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. கடைசியில் வாளியே உருண்டு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு தபாலின் மூக்கும் போயிற்று.

மறுநாள் கேன்டீனில் கூட்டமாக இருந்தபோது தொப்பி உள்ளே வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆன்ட்டி, எனக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு" என்றான். காது மடல் சிவந்திருந்தது.

யாரோ கனைத்தார்கள். தொப்பி திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து, "இன்னொரு தட்டு" என்றான். அதற்குள், தபாலை மறுபடி பார்க்க வந்த டாக்டரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும்" என்றார். வாசனை வேறு வந்துகொண்டே இருந்தது. கனைத்த பையன் எழுந்து வந்து வரிசையில் நின்றான்.

*

சின்னப் பிள்ளைகள் வகுப்பைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்தார் விசில் மேடம். பண்ணைக்கு ஆள் அனுப்பி வண்டி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

வகுப்பு தொடங்கிய காலையில் தபால் சேணம் பூட்டி நின்றான். விலா எலும்பு எதுவும் தெரியவில்லை. அப்பா கடிவாளத்தைத் தொப்பியிடம் கொடுத்திருந்தார். குதிரை மேல் ஏறுவதற்கான ஏறுபடியைப் பட்டாணி பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தது ஒரு சின்னப்பெண். ஏறுபடி வரைக்கும் வந்தாள். தபாலின் பெரிய தலையை நிமிர்ந்து பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் ஏறினா அவனுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

பட்டாணிக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"நீயே கேட்டுப் பாரு. கையை நீட்டு" என்றாள்.

சின்னப்பெண் கையை நீட்டினாள். தபால் குனிந்து அவள் உள்ளங்கையை நன்றாக முகர்ந்தான். தொப்பியும் பட்டாணியும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதடு சுருளவில்லை. காதுகள் முன்னால் நிமிர்ந்தன.

"சரின்னு சொல்லிட்டான். ஏறு" என்றாள் பட்டாணி.

சின்னப்பெண் ஏறினாள். அவள் சரியாக உட்காரும்வரை அசையாமல் நின்ற தபால், பிறகு மெதுவாக நடக்கத் தொடங்கினான்.